இருநூறு வீட்டுக் கலர்

என் கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போதே அப்பா தனக்கு ஷூ வாங்கிவிட்டார். எனக்கு இன்னும் புடவை எடுக்கவில்லை, மாப்பிள்ளைக்குக் கோட்டு தைக்கக் கொடுக்கவில்லை, பிரியாணிக்கு ஆள் பேசவில்லை. ஆனால் அப்பாவின் ஷூ மட்டும் டப்பாவோடு பீரோ மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. கறுப்புத் தோல், கயிறு வைத்தது. "கல்யாணம் அவளுக்கா, உனக்கா?" என்று அம்மா கேட்டாள். அப்பா டப்பாவை இறக்கி, ஷூவை ஒரு தடவை துடைத்து, மறுபடி மேலே வைத்தார்.

எங்கள் சர்ச்சில் பெண்ணின் கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அப்பாதான் நடத்திக்கொண்டு போக வேண்டும். அந்த நடைக்காகத்தான் ஷூ. இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் நானும் சிரித்தேன். என் தாத்தா பண்ணை வீட்டில் ஏர் ஓட்டியவர். காலனியிலிருந்து வயலுக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், அந்தத் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாராம். அப்பாவும் பத்து வயது வரை அப்படித்தான் நடந்திருக்கிறார். பிறகு மதுராந்தகம் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் மூட்டை தைக்கும் வேலை கிடைத்தது, செங்கல்பட்டில் இரண்டு அறை வீடு கட்டினார், என்னைப் படிக்க வைத்தார். நான் நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதெல்லாம் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஜனம் எல்லாம் எழுந்து நின்று பார்க்க ஷூ காலோடு நடப்பது என்பது வேறு.

புது ஷூ கடிக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினார். சாயங்காலமானால் சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் லெஃப்ட் ரைட் நடப்பார். நாலாம் நாள் வலது காலில் சுண்டு விரல் தோல் உரிந்தது. பத்து நாள் ஆகியும் அது ஆறவில்லை, ஓரம் கறுத்து நீர் கோத்துக்கொண்டது. வலிக்கிறதா என்று கேட்டால் வலியே இல்லை என்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா காலைப் பார்த்ததுமே ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். முந்நூற்றுச் சொச்சம் வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"வலிக்காததுதான் மோசம், சர்க்கரை நரம்பை மரத்துப்போக வெச்சிருக்கு. மாத்திரை தரேன். ஆனா மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி உங்க வாய்ல இருக்கு" என்றார் டாக்டரம்மா. "சர்க்கரை எறங்கினாத்தான் இந்தப் புண்ணு ஆறும். ஆறலைன்னா இந்த விரலை எடுக்க வேண்டி வரலாம்."

அப்பா குனிந்து காலைப் பார்த்துவிட்டு, "வெரலு இல்லன்னா ஷூ போட முடியுமாம்மா?" என்று கேட்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

சர்க்கரையும் அப்பாவும் எப்படி என்று சொல்லிவிட வேண்டும். ஆலையில் மேலே இருக்கும் குழாய் வழியாகச் சர்க்கரை கொட்டும், கீழே சாக்கு பிடிப்பார்கள், எடை பார்த்துத் தள்ளினால் அப்பா வாயைத் தைப்பார். முப்பது வருஷம். சட்டையைக் கழற்றி மாட்டினால் வீடே கழிவுப்பாகு வாடை அடிக்கும். எங்கள் வீட்டு டீயில் ஸ்பூன் நிற்கும். தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில், எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டில் டீ குடித்துவிட்டு வந்தால் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "சக்கரை இருந்துச்சா?" என்பதுதான். அவர் சின்ன வயதில் பண்ணை வீட்டு வேலிக்கு வெளியே கொட்டாங்குச்சியில் வாங்கிக் குடித்த டீயில் சர்க்கரையே இருக்காதாம். ஆகையால் தித்திப்பாகக் கொடுத்தவன் மதித்தவன், சப்பென்று கொடுத்தவன் மதிக்காதவன். அவருடைய உலகத்தில் அவ்வளவுதான் சட்டம்.

அப்படிப்பட்டவர் மறுநாளிலிருந்து சர்க்கரையைத் தொடவில்லை. விரல் விஷயம் அவரை அவ்வளவு ஆட்டிவிட்டது. வெறும் டீயை வாயில் வைத்துக் கண்ணை மூடி விழுங்குவார், ஏதோ விளக்கெண்ணெய் கொடுத்த மாதிரி. லட்டு வந்தால் எழுந்து போய்விடுவார். பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தோம். இருபதுதான் குறைந்திருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நைனா, உண்மையச் சொல்லு" என்றேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "எங்கயோ திருட்டுத்தனமா துன்ற."

"ஒரு கல்லு சக்கரை என் வாய்ல பட்டுதுன்னா கேளு" என்றார். "சக்கரைன்னா எனக்குத் தெரியாதா? நான் தெச்ச மூட்டையை அடுக்கினா மலை நிக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. என் வேலையே தப்பு கண்டுபிடிப்பதுதான். யாரோ எழுதிய புரோகிராமை நாள் பூராவும் தட்டிப் பார்த்து, இங்கே ஓட்டை, அங்கே ஓட்டை என்று எழுதி அனுப்புவேன். அந்தப் புத்தியோடு சமையலறைக்குள் நுழைந்தேன். முதலில் மாட்டியது அம்மா. "மாத்திரை துன்னா ஒடம்பு தளந்துடும்" என்று சொல்லி, தினமும் காலையில் இரண்டு ஸ்பூன் சத்து மாவுப் பவுடரைப் பாலில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது சட்டம். இரண்டாவது பெயரே சர்க்கரை. டப்பாவின் முன்பக்கம் ஒரு பையன் கையை மடக்கிச் சதை காட்டிக்கொண்டு நின்றான்.

அடுத்தது பிஸ்கெட். "அது சக்கரைக்காரங்க துன்றதுதானே, தித்திப்பே இல்லியே" என்றார் அப்பா. அதன் பாக்கெட்டையும் திருப்பினேன். சர்க்கரை, அதற்குப் பிறகு குளுக்கோஸ், அதற்கும் பிறகு இன்வர்ட் சிரப் என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்வர்ட்டா? அது எங்க ஆலையில கெமிஸ்ட் சொல்ற வார்த்தையாச்சே. சாறு கெட்டுப்போயி சக்கரை கட்டாமப் பூட்டா, இன்வர்ட் ஆயிடுச்சுன்னு கத்துவாரு. அது இன்னாத்துக்கு பிஸ்கோத்துல கீது?"

"கட்டாத சக்கரையும் சக்கரைதான் நைனா. பேரை மாத்திகினு வந்து உக்காந்துகினு கீது."

அப்பா பாக்கெட்டை வாங்கித் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பது வருஷம் கூட வேலை பார்த்தவன் மாறுவேஷத்தில் வந்து மாட்டிக்கொண்ட மாதிரி அவருக்கு ஒரே சிரிப்பு. அன்றைக்கே இரண்டையும் நிறுத்தினோம். என் கதையும் லேசில்லை. ஆபீஸில் சும்மா கிடைக்கிறதே என்று தினமும் இரண்டு ஜூஸ் பாக்கெட் குடித்துக்கொண்டிருந்தேன். மாம்பழப் படத்தைப் பார்த்து ஏமாந்தது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இன்னும் இருநூற்று எழுபதில் நின்றது. விரல் அப்படியே இருந்தது. டாக்டரம்மா கட்டை மாற்றிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது அப்பா ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அன்றைக்கு ஷூ டப்பாவை இறக்கித் துடைக்கவும் இல்லை. என்னால்தானே இந்த ஷூ, என்னால்தானே இந்தப் புண் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்திரிகை வைக்க அப்பாவோடு போக ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் ஒருத்தரும் வர மாட்டார்கள், வீடு வீடாகப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். இருநூறு வீடு. கல்யாணப் பெண்ணே பத்திரிகை தூக்கிக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சிரிக்கட்டும் என்று என் ஸ்கூட்டியில் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஒரு பெண்பிள்ளை கடைக்கு ஓடி இரண்டு கலர் வாங்கிவந்தாள். ஆரஞ்சு. பாட்டிலில் ஸ்ட்ரா போட்டு நீட்டினாள். அப்பா சாவகாசமாக உறிஞ்சினார். இரண்டாவது வீட்டில் திராட்சைக் கலர். மூன்றாவது வீட்டில் மறுபடி ஆரஞ்சு. நாலாவது வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. வண்டியடிக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, இன்னா பண்ணிகினு கீற நீ?"

"இன்னா பண்ணேன்? டீ வேணாம்னு சொல்லிட்டேன் பாத்தியா? டீன்னா சக்கரை போடுவாங்கன்னுதான் கலரே போதும்னேன்" என்றார், ஏதோ பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி.

தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூன்று வாரமாகத் தினமும் ஆறு ஏழு வீடு. அம்மாவும் கூடவே போயிருக்கிறாள், தன் பாட்டிலை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு இவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் கலர் என்பது கணக்கிலேயே வரவில்லை. சர்க்கரை என்றால் வெள்ளையாக, கல்லாக, குழாயிலிருந்து கொட்ட வேண்டும். கலரில் கேஸ்தான் இருக்கிறது, அதுதான் நாக்கைக் கடிக்கிறது என்பது அப்பாவின் கட்சி.

வாயால் சொன்னால் நம்புகிற ஆள் இல்லை. சாயங்காலம் கடையில் ஒரு ஆரஞ்சுக் கலர் வாங்கி வந்து வாணலியில் ஊற்றி அடுப்பைப் பற்ற வைத்தேன். முதலில் நுரைத்துப் பொங்கியது, பிறகு அடங்கிக் கொதித்தது. வீடெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாசனை. அப்பா சமையலறை வாசலில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வற்றி, நிறம் கறுத்து, கொப்புளம் பெரிசு பெரிசாக வெடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அப்பா உள்ளே வந்துவிட்டார். என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினார்.

"தீயைக் கொறை, கொறை, காந்திடும்" என்றார்.

கரண்டியில் எடுத்து ஊதி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தார். கம்பி இழுத்தது. மறுபடியும் பிரித்தார், மறுபடியும் இழுத்தது. ஆலையில் சாறு காய்ச்சும் கொப்பரைக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் போய்வந்தவருக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

"ஒரு பாட்டில்லயா?"

"ஒரு பாட்டில்லதான் நைனா. அஞ்சு ஸ்பூனுக்குக் கொறையாது."

"தெனமும் ஏழு வூடு" என்றார் மெதுவாக. நாங்கள் இரண்டு பேரும் வாணலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இதான் முப்பது வருஷம் மூட்டை தெச்ச லட்சணமா?" என்றாள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாணலியைத் தேய்த்துக் கழுவ எனக்கு அரைமணி நேரம் ஆனது.

இனி தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அப்பா புதுப் பிரச்சினையோடு உட்கார்ந்திருந்தார். இன்னும் எண்பது வீடு பாக்கி. கலரும் வேண்டாம், டீயும் வேண்டாம் என்றால் எப்படிப் போய் உட்காருவது?

"வேணாம்னு சொல்லு நைனா. சக்கரை கீதுன்னு சொல்லு" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதும்மா. நம்ம ஜனங்க வூட்டுக்கு வந்துட்டு ஒண்ணும் வேணாம்னு சொன்னவன்லாம் யாரு? பெரிய வூடு கட்டிட்டான், பொண்ணு கம்பூட்டர்ல வேலை செய்யுது, இப்போ நம்ம வூட்டுல கை நனைக்க மாட்டேங்கிறான்னு நெனைப்பாங்க."

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். காலனிக்கு ஓட்டுக் கேட்டும், கணக்கு எடுக்கவும் வந்தவர்கள் எத்தனையோ பேர். நிழலில் நிற்பார்கள், சிரித்துப் பேசுவார்கள், தண்ணீர் என்று செம்பை நீட்டினால் இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். ரொம்ப வற்புறுத்தினால் மூடி போட்ட கலர் பாட்டிலை வாங்கிக்கொள்வார்கள். மூடி திறக்காத பாட்டில் யார் வீட்டுப் பாத்திரத்திலும் சேர்த்தியில்லை, ஸ்ட்ராவும் புதுசு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாத ஏற்பாடு.

அந்தப் பக்கத்திலும் அதே ஏற்பாடுதான். நான் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மிட்டாய் டப்பாவோடு பண்ணை வீட்டுக்குப் போனார். வாசல் வராந்தாவில் நின்றோம். பண்ணை வீட்டம்மா ஆள் அனுப்பி எங்களுக்கு இரண்டு கலர் வாங்கிக் கொடுத்தார். ஸ்ட்ராவோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர்கள் மிச்சம் வைக்கும் இரண்டு மடக்குக்காகக் காத்திருக்கும் எனக்கு முழு பாட்டில் ஒன்று. வகுப்பில் ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வீட்டில் டம்ளருக்குப் பஞ்சமில்லையே, ஏன் பாட்டில் வந்தது என்று எனக்கு உறைக்க ஆறேழு வருஷம் ஆயிற்று. உறைத்த அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கேளம்பாக்கம் தாண்டும் வரைக்கும் காது சுட்டது.

அப்பா தந்திரங்கள் பண்ணிப் பார்த்தார். ஒரு வீட்டில் வயிறு சரியில்லை என்றார், உடனே சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு வந்தது. இன்னொரு வீட்டில் இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டுப் பாட்டிலைப் பிள்ளைகளிடம் கொடுத்தார், அந்த வீட்டுக்காரர் இன்னொரு பாட்டில் வாங்கி வந்துவிட்டார். நான் வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வழி கிடைத்தது பழைய காலனியில், ஒரு அத்தை வீட்டில். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, கூலி வேலைக்குப் போகிறவள். எங்களைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டாள். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கலர் வாங்க ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வெறும் கையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடை பூட்டிக் கெடக்குது அண்ணாத்த. ஒனக்கு ஒரு கலர் கூடக் குடுக்க முடியல" என்றாள்.

"தண்ணி குடும்மா" என்றார் அப்பா.

அத்தை குடத்திலிருந்து ஒரு செம்பு நிறைய மொண்டு கொடுத்தாள். அப்பா வாய் வைத்து, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். வெயிலில் வந்தவர், தாகம் நிஜமாகவே இருந்திருக்கும். "இன்னொரு செம்பு குடு" என்றார். அத்தையின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். கலர் வாங்கிக் கொடுத்த எந்த வீட்டிலும் அப்படி ஒரு முகம் பார்க்கவில்லை. நாங்கள் வண்டி எடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்க அண்ணாத்த எங்க வூட்ல ரெண்டு செம்பு தண்ணி குடிச்சிச்சு!"

வண்டி தார் ரோடு ஏறியது. அப்பா என் முதுகில் தட்டி, "இனிமே தண்ணிதாம்மா" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவரே முந்திக்கொண்டார். பாயில் உட்காருவதற்கு முன்பே, "தாயி, மொதல்ல ஒரு செம்பு தண்ணி குடு" என்பார். கேட்டு வாங்கிக் குடித்துவிட்டால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. வேண்டாம் என்பதுதான் குத்தும், கேட்டு வாங்குவது குத்தாது. இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நூற்றுச் சொச்சம் பாட்டில் கலர் ஆகியிருந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் எந்த ஊர்த் தண்ணீர் உப்பு, எந்த ஊர்த் தண்ணீர் தித்திப்பு என்று அப்பா ஒரு பட்டியலே சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் விரலின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. எனக்கு ஆபீஸில் பாட வேண்டும் போலிருந்தது.

கடைசியாக ஒரே ஒரு பத்திரிகை பாக்கி இருந்தது. பண்ணை வீடு. அங்கே எதற்கு என்று நான் சண்டை போட்டேன். "எங்க அப்பா வேலை செஞ்ச வூடு. சொல்லாம வுட்டா தப்பு" என்றார் அப்பா. அங்கேயும் தண்ணீர் கேட்பாயா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

பண்ணை வீட்டய்யா இறந்துபோய் வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் வெளிநாடு. அந்தம்மாவும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் மட்டும்தான். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. "உக்காருப்பா" என்றார். உட்கார்ந்தோம். பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார், மாப்பிள்ளை வீடு கோவளமா என்று விசாரித்தார். பிறகு உள்ளே பார்த்து, "ரெண்டு கலர் எடுத்தா" என்றார். ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது.

"கலர் வேணாம்மா" என்றார் அப்பா. "எனக்குச் சக்கரை கீது. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க."

அறுபது எழுபது வீட்டில் சொல்லிப் பழகிய வார்த்தை. இங்கே அதைச் சொல்ல அவர் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்திருந்தார். இரண்டு பாட்டிலையும் பிடித்துக்கொண்டு வந்த வேலைக்காரப் பெண் கதவடியில் நின்று அந்தம்மாவைப் பார்த்தாள். அந்தம்மா அப்பாவைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் கப்பில் வந்தால் என்ன பேசுவது என்று வரிசையாக மனசில் அடுக்கிக்கொண்டேன். என் வாய் சும்மா இருக்காது, கல்யாணம் நின்றாலும் சரி என்றுதான் இருந்தேன்.

அந்தம்மாவே எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வரும்போது கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பழைய, கனமான டம்ளர், அவர்கள் குடும்பத்துப் பெயர் வெட்டியது. அதை அப்பாவின் கையில் கொடுத்தார், கீழே வைக்கவில்லை. அப்பா பழக்க தோஷத்தில் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளத் தூக்கினார். பாதியில் நிறுத்தினார். பிறகு இறக்கி, வாய் வைத்துக் குடித்தார்.

காலி டம்ளரை அந்தம்மா கை நீட்டி வாங்கிக்கொண்டார். "எனக்கும் சக்கரைதான்பா, எட்டு வருஷமா" என்றார். "ஒனக்கு எவ்ளோ காட்டுது?" அதற்குப் பிறகு இரண்டு பேரும் அரைமணி நேரம் மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள். யார் வீட்டு டாக்டர் திட்டுகிறார், பாகற்காய் எப்படிப் பண்ணினால் கசக்காது, கால் எரிச்சலுக்கு என்ன போடுவது என்று ஓயவே இல்லை. நான் மனசில் அடுக்கி வைத்த பேச்செல்லாம் வீணாய்ப் போயிற்று. எனக்கு அழுகையும் வந்தது, கொட்டாவியும் வந்தது.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் நூற்று ஐம்பதுக்கு வந்தது. டாக்டரம்மா விரலை அழுத்திப் பார்த்து, புதுத் தோலைப் பார்த்து, "பஞ்சு வெச்சு, ஒரு சைஸ் பெரிசா வாங்கி, ரெண்டு மணி நேரம் மட்டும்" என்று அனுமதி கொடுத்தார். கடைக்காரர் முதலில் ஷூவை மாற்றித் தர மாட்டேன் என்றார். அப்பா கட்டை அவிழ்த்து விரலைக் காட்டியதும் உடனே மாற்றிக் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று சர்ச் வாசலில் அப்பா என் கையைப் பிடித்தார். ஜனம் எழுந்து நின்றது. பெரிய சைஸ் ஷூ என்பதால் ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அத்தை முன் வரிசையில் நின்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், கல்யாணப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தமே இல்லை. பீடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் "வலிக்குதா நைனா?" என்று குனிந்து கேட்டேன். "ம், கொஞ்சம் வலிக்குது" என்றார். அந்த வலிக்கு நான் மனசுக்குள் ஒரு தோத்திரம் சொன்னேன்.

சர்ச்சை ஒட்டிய ஹாலில் சாப்பாடு. பண்ணை வீட்டம்மா வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தார். காரிலிருந்து இறங்கி, வேலைக்காரப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் சொந்தத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, பேச்சுச் சத்தம் சட்டென்று குறைந்தது. என் சித்தப்பா கலர் பெட்டியிடம் ஓடி, நல்ல குளிர்ச்சியாக ஒன்று எடுத்து, மூடியைத் திறந்து, புது ஸ்ட்ரா போட்டு, பவ்யமாக நீட்டினார்.

"கலர் வேணாம்" என்றார் அந்தம்மா. "தண்ணி குடு."

சித்தப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாட்டிலைப் பிடித்தபடி அப்பாவைத் தேடினார். அப்பா ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தார். டக், டக் என்று ஹாலைக் கடந்து, மூலையில் எங்கள் வீட்டுக் குடம் இருந்த இடத்துக்குப் போனார். எடுத்தது அம்மாவின் பெயர் வெட்டிய டம்ளர். அதை நிறைய மொண்டு, சிந்தாமல், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் ஷூ காலோடு நடந்து வந்து அந்தம்மாவின் கையில் கொடுத்தார்.

அந்தம்மா வாய் வைத்துக் குடித்தார்.

அப்பா காலி டம்ளரைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் குடுக்கட்டாம்மா?" என்று கேட்டார்.

"குடு" என்றார்.